ஊசிமுனையில் ஓர் இருமல்

தீவுக்குப் போகிற விமானத்தில் ஏற வேண்டுமானால் முதலில் தராசில் ஏற வேண்டும். ஆறே இருக்கைகள் உள்ள சின்ன விமானம். யார் எவ்வளவு கனம் என்று தெரியாமல் அதைக் கிளப்ப முடியாது. வாயால் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்வதில்லை. ஆண்கள் ஐந்து கிலோ குறைப்பார்கள், பெண்கள் பத்து, அதிகாரிகள் கையிலிருக்கும் பெட்டியைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அதனால் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தராசு, தராசுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலியில் எடை குறிக்க ஓர் ஆள்.

முப்பது வருடங்களுக்கு முன்னால் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள். காலையில் ஐந்து பேரை நிறுத்துவாள், எழுதுவாள், தாளைக் கிழித்து விமானியிடம் கொடுப்பாள். பிறகு ஜன்னலில் நின்று, விமானம் வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் ஆகும்வரை பார்ப்பாள். அப்படிப் போகிற பொருள் எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியும், தாளில் எழுதியிருக்கிறது. ஆனாலும் அது மறைகிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும்போல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கக் கற்றாள். நான்கு வருடம் பிடித்தது. விமானியாக முதல் நாள் வந்தபோது புது எடைக்காரம்மா கண்டிப்பாகச் சொன்னாள், "கேப்டனா இருந்தாலும் ஏறித்தான் ஆகணும்." ஏறினாள். ஐம்பத்திரண்டு கிலோ.

இப்போது ஐம்பத்துநான்கு வயது, அறுபத்தேழு கிலோ. "அவ்வளவும் அனுபவம்" என்பாள் கேட்பவர்களிடம்.

தீவுக்காரர்கள் விமானத்தைத் தும்பி என்று அழைத்தார்கள், அதனால் அவள் தும்பி அக்கா. காலையில் போய் மதியம் திரும்பி, மதியம் போய் மாலை திரும்புவாள். தடுப்பூசிப் பெட்டி, தபால் பை, கூடையில் கோழிகள், ஒரு முறை பஞ்சில் பொதிந்த ஒரே ஒரு பல்செட். கரையை விட்டதும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும் நாட்கள் உண்டு. அடிவானம் என்ற கோடு அழிந்துபோகும். விமானம் நகர்வதாகவே தோன்றாது. யாரோ ஒரு பெரிய பஞ்சுப் பொதிக்குள் அதை வைத்துவிட்டு மறந்துபோனதுபோல் இருக்கும். பயணிகள் தூங்கிவிடுவார்கள். கோழிகள்கூடப் பேச்சை நிறுத்திவிடும். அந்த வெள்ளைக்குள் அவளுக்கு வழி சொன்னது ஓர் ஊசி.

பிஸ்கட் டப்பா மூடி அளவில் ஒரு வட்டம், நடுவில் விமானத்தின் சின்னப் படம், அதன்மேல் சுழல்கிற ஓர் ஊசி. கீழே வானொலிப் பெட்டியில் இருப்பதுபோல் ஒரு குமிழ். எந்த அலைவரிசையில் வைக்கிறோமோ, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் ஊசி திரும்பும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. தூரத்தில் மின்னல் வெட்டினால் வழியை விட்டுவிட்டு அதைத் திரும்பிப் பார்க்கும்.

விமானங்களுக்குத் திசை காட்டவே கரையின் தென்முனையில் ஒரு பீக்கன் கோபுரம் இருந்தது. நாளெல்லாம் தந்தி ஒலியில் தன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் குரல் பாதிக் கடலுக்குத்தான் எட்டும். நகர வானொலி நிலையத்தின் சிவப்பு வெள்ளைக் கம்பம் அப்படியல்ல. தீவைத் தாண்டியும் கேட்கும். ஆகவே தீவிலிருந்து கிளம்பியதும் விமானிகள் குமிழை வானொலிக்குத் திருப்பிவிடுவார்கள். ஊசி திரும்பும், காதில் பாட்டு வரும். பாட்டு எந்தப் பக்கமோ, வீடு அந்தப் பக்கம்.

கூடவே ஒரு கணக்கு உண்டு. விமானத்தின் மூக்கிலிருந்து எத்தனை பாகை தள்ளி வீடு இருக்கிறது என்று மட்டும் ஊசி காட்டும். மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காம்பஸ் காட்டும். இரண்டையும் கூட்டினால் போக வேண்டிய திசை. மூக்கு அறுபது, ஊசி இருபத்தைந்து, கூட்டினால் எண்பத்தைந்து. இதை அவள் வாய்க்குள் முணுமுணுத்தபடியே செய்வாள். நாளுக்கு ஐம்பது தடவை, இருபத்தாறு வருடம். கடைசியில் கணக்கு மூளையை விட்டிறங்கி உதட்டில் குடியேறிவிட்டது. தூக்கத்திலும் கூட்டுவாள்.

ஊசிக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. செத்துவிட்டால் சொல்லாது. கருவி நின்றுபோனால் கடைசியாக எங்கே காட்டியதோ அங்கேயே, உயிரோடு இருப்பதுபோலவே, கிடக்கும். அதனால்தான் காதில் சத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். சத்தம் இருந்தால் ஊசி நிஜம்.

விமானியான இரண்டாம் வருடம், ஒரு மாலை, மேகத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வரவில்லை. அறிவிப்பும் வரவில்லை. ஊசி நேராக மூக்கைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. உயிரோடு இருக்கிறதா, இல்லையா? பதினொரு நிமிடம். பின்னால் ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பீக்கனின் குரல் எட்டும் தூரம் வந்து அதன் தந்தி ஒலி காதில் விழும்வரை அவள் காம்பஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறங்கியதும் நேராக வானொலி நிலையத்துக்குப் போனாள். குரலை வைத்து, ஆறடி உயரத்தில் ஒருவரை எதிர்பார்த்திருந்தாள். அவள் தோளுயரத்துக்கு ஒருவர், கன்னத்தில் மேசை விளிம்பின் தடத்தோடு எழுந்து வந்தார்.

"நீங்கதானா அறிவிப்பாளர்?"

"ஆமாங்க. பாட்டு கேட்டு வந்தீங்களா?"

"பதினோரு நிமிஷம் ஒண்ணுமே வரல!"

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன். மேல சொல்லிடாதீங்க."

"நீங்க இங்க தூங்குனா நான் அங்க எங்க போறது? உங்க சத்தத்த நம்பித்தான் ஊசி இருக்கு, ஊசிய நம்பித்தான் நான் இருக்கேன்!"

தன் குரலை ஒருவர் திசையாகப் பயன்படுத்துவார் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. "இனிமே என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

"பேச ஒண்ணுமில்லன்னா இருமவாச்சும் இருமுங்க. உயிரோட இருக்கீங்கன்னு தெரியட்டும்."

மறுநாள் மாலை, இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், வானொலி இரண்டு முறை இருமியது. அந்த வருடக் கடைசியில் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. நேயர்கள் சிலர் அறிவிப்பாளரின் நெஞ்சுச்சளிக்குக் கைவைத்தியம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இருமல் மட்டும் நிற்கவில்லை. தீவிலிருந்து நாலு இருபதுக்குக் கிளம்புவாள். நாலரைக்குள் ஊசிமுனையில் இரண்டு இருமல் வந்துவிடும். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வானிலை வாசிப்பார். தென்முனைப் பீக்கனைத் தொட்டுத் திரும்பிவர வேண்டும் என்பது விதி. அப்படிச் சுற்றி அவள் கம்பத்தின் மேல் வரும்போது மணி ஐந்து நாலு. கீழே ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், விமானச் சத்தம் அதில் அமுங்கிவிடும்.

இப்படித்தான் இருபத்துநான்கு வருடம் போயிற்று. பிறகு விமானக் கம்பெனி முதலாளி திரை வாங்கினார்.

திரை என்றால் நிஜமாகவே திரைதான். விமானியின் எதிரில் பழைய பலகையில் இருந்த பதினேழு வட்டங்களுக்குப் பதிலாகப் புத்தகம் விரித்ததுபோல் இரண்டு கண்ணாடிகள். செயற்கைக்கோள்களைக் கேட்டு, கடலைப் படமாக வரைந்து, விமானத்தை அதன்மேல் சின்னதாக ஊரவிடும். காற்று எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் ஊர், மலை இருந்தால் மலை, மழை இருந்தால் மழை. தும்பி அக்காவுக்கு அது பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. முதல் தடவை திரை ஒளிர்ந்தபோது, இருபத்தாறு வருடமாகத் தான் பறந்த கடல் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தீவின் பின்பக்கம் ஒரு காதுபோல் வளைந்திருந்தது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

மெக்கானிக்குக்கு ஸ்பானர் என்று பெயர். காதில் பென்சில் இருக்கிறதோ இல்லையோ, பின் பாக்கெட்டில் பத்தாம் நம்பர் ஸ்பானர் இருக்கும். பழைய வட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ட்ரேயில் அடுக்கியவர், ஊசியின் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, இத மட்டும் கீழ ஒரு ஓரமா விட்டுடவா? இடம் இருக்கு. ஆன்டெனாவும் நல்லாதான் இருக்கு."

"முதலாளி ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"அவருக்கு எது ஊசி, எது கடிகாரம்னு தெரியவா போகுது? அத்தான் சத்தம் இல்லாம நீங்க எப்படி வருவீங்க?"

"சரி, விடு" என்றாள்.

திரையோடு பறக்கப் பரீட்சை ஒன்று தேற வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் தீவுப் பாதை வேறு விமானிக்குப் போய்விடும். முதலாளி நல்ல மனிதர். ஆளை வெளியே அனுப்ப மாட்டார். எடைக்காரம்மா அந்த மாதம் ஓய்வு பெறுகிறாள், முக்காலி காலியாகிறது என்று மிகுந்த அன்போடு சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானேம்மா." தும்பி அக்கா தலையாட்டினாள். அன்று கவுண்டரைக் கடந்தபோது முக்காலியைப் பார்க்காமல் நடந்தாள். பார்க்காமலே தெரிந்தது, இன்னும் அதே முக்காலிதான். ஒரு காலின் கீழ் மடித்த அட்டை.

பரீட்சை எடுக்க வந்த அதிகாரி நாற்பது வயதுப் பெண். கையில் மிட்டாய் டப்பா, மடியில் மதிப்பெண் தாள், முகத்தில் ஒன்றுமில்லை. கடலுக்கு மேல் வந்ததும், வெளியே பார்க்க முடியாதபடி நெற்றியிலிருந்து நீளும் தொப்பியைத் தும்பி அக்காவின் தலையில் மாட்டினார். பிறகு திரையில் இருந்த வரைபடத்தை ஓர் அட்டையால் மறைத்தார்.

"படம் போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க, கேப்டன். எண்கள் மட்டும் இருக்கு. ஊருக்குக் கொண்டுபோங்க."

எண்கள் பளிச்சென்று இருந்தன. மூக்கு அறுபது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில், ஊர் இருக்கும் திசை எண்பத்தைந்து. அறுபதிலிருந்து எண்பத்தைந்துக்குத் திரும்ப வேண்டும். கூட்ட எதுவும் இல்லை, கூட்டலை இயந்திரமே முடித்துவிட்டது. ஆனால் ஓரத்தில் ஊசி நடுங்கிக்கொண்டிருந்தது. கண் அதைத் தொட்டுக்கொண்டு வந்தது, உதடு அசைந்தது. அறுபதும் எண்பத்தைந்தும் நூற்று நாற்பத்தைந்து.

மிகுந்த நம்பிக்கையோடு நூற்று நாற்பத்தைந்துக்குத் திரும்பினாள். காதில் பழைய பாட்டு ஒன்று ஓடியது. மனசு லேசாக இருந்தது. இவ்வளவு சுலபமா இது, என்று நினைத்தாள். ஊசி இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. அது வழக்கம்போல் எங்கோ மின்னலைப் பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

ஆறு நிமிடம் கழித்து அதிகாரி சொன்னார். "தொப்பியைக் கழட்டிப் பாருங்க, கேப்டன்."

கழற்றினாள். தண்ணீர். முன்னால், இடதில், வலதில், ஒரு படகுகூட இல்லாத தண்ணீர். வெயில் அதன்மேல் காசு இறைத்ததுபோல் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகான இடத்துக்கு அவள் அதுவரை வந்ததே இல்லை.

"ஊரு?" என்றார் அதிகாரி.

"பின்னாடி இருக்கும்னு நினைக்கறேன், மேடம்."

"நானும் அப்படித்தான் நினைக்கறேன்." தாளில் ஏதோ எழுதினார். டப்பாவைத் திறந்து நீட்டினார். "மிட்டாய் எடுத்துக்குங்க. பத்து நாள்ல திரும்ப வரேன்."

வீட்டில் கணவர் தட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"என்ன ஆச்சும்மா?"

"ரெண்டு தடவ கூட்டிட்டேங்க."

"என்னத்த?"

சொன்னாள். மூக்கு, ஊசி, கட்டம், தண்ணீர். அவர் தாடையைத் தடவியபடி கேட்டார். "அப்ப கணக்கு தப்பில்லையே. சரியாத்தானே கூட்டியிருக்க. அறுபதும் எண்பத்தஞ்சும் நூத்தி நாப்பத்தஞ்சுதான்."

"அத அந்த மேடம்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"வானிலைக்கு அப்புறம் சொல்லிடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. சோற்றைத் துழாவியபடி சொன்னாள், "ஊசிய எடுத்துடச் சொல்லப்போறேன்."

அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அது பக்கத்துல இருக்கறவரைக்கும் கண்ணு அங்கதான் போகும். கண்ணு போனா வாய் கூட்ட ஆரம்பிச்சுடும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல வழி சொன்னா நான் எங்க போறதுங்க? இன்னிக்குப் போனேனே, அங்கதான் போகணும்."

"போகட்டும். இரும்புச் சாமான்தானே" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். குழாயடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அப்ப இனிமே நான் யாருக்கு இருமறது?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஸ்பானர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தானுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றாள். வலது கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டு, நான்கு திருகுகளைக் கழற்றினார். வட்டம் இருந்த இடத்தில் ஓட்டை. வெள்ளைத் தகடு வைத்து அடைத்தார். ஆன்டெனாவையும் பிடுங்கினார். எல்லாம் சேர்ந்து நாலரைக் கிலோ. எடைத் தாளில் அதையும் குறைத்து எழுத வேண்டியிருந்தது, எழுதினாள்.

கண்ணின் பழக்கம் போய்விட்டது, உதட்டின் பழக்கம் போகவில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தவர் கணவர்தான். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடி விமானம். அவர் எதிரில் உட்கார்ந்து, செய்தி வாசிக்கிற குரலில், "நேரம் மாலை ஆறு மணி பத்து நிமிடம். மூக்கு நாற்பது. ஊர் எழுபது" என்பார். அவள் ஜாடியைத் திருப்ப வேண்டும். முதல் நாள் ஜாடி ஏழு தடவை கடலுக்குப் போனது.

"உன் வாய் சும்மா இருக்கமாட்டேங்குது. அதுக்கு வேற வேலை குடு."

"மிட்டாயா?"

"பாடு."

"நானா? கோழிங்க பயந்துடும்."

"வார்த்தையே வேணாம். காலைல நிலையம் திறக்கும்போது ஒரு மெட்டு போடுவோமே, அத முனகு. முனகற வாய் கூட்டாது."

அது பதினாறு சுரங்களில் முடிந்து மறுபடி தொடங்குகிற மெட்டு. நகரத்தில் பல் துலக்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் முனகினாள், எண் கேட்டாள், ஜாடி எழுபதில் நின்றது. பத்து நாளும் வீட்டில் அந்த மெட்டுதான். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, தூக்கத்தில். ஒரு விடிகாலைக் கனவில் அவள் தும்பியில் போய்க்கொண்டிருந்தாள். சுற்றிலும் பஞ்சு. எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் யாரோ இருமினார்கள். ஊசி இல்லை, அதனால் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. திரும்பத் தேவையும் இல்லைபோல் இருந்தது. விழித்தபோது பக்கத்தில் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பரீட்சையன்று வானம் தடித்துக் கிடந்தது. அதிகாரி தொப்பியை மாட்டினார், அட்டையை வைத்தார். "ஊருக்குக் கொண்டுபோங்க, கேப்டன்."

மூக்கு நூற்றுப்பத்து. கட்டத்தில் எழுபத்தெட்டு. உதடு துடித்தது. அவள் முனகத் தொடங்கினாள். சுரங்களுக்கு நடுவில் எழுபத்தெட்டு என்ற எண் மிதந்து வந்து, எதனோடும் ஒட்டாமல், தனியாக நின்றது. விமானத்தை அதற்குத் திருப்பினாள். வெள்ளைத் தகடு அவள் முழங்காலுக்கு எதிரில் வெறுமனே இருந்தது. காதில் இயந்திரத்தின் சத்தம் தவிர எதுவும் இல்லை. அந்த மௌனத்தில், பதினொரு நிமிடம் ஒன்றும் கேட்காமல் வந்த அந்தப் பழைய மாலை, பனிமூட்டம்போல் எழுந்து வந்தது. உயிரோடு இருக்கிறதா, இல்லையா? ஆனால் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு இருந்தது. திரை செத்தால் அது சிவப்பாகும். எண்மேல் குறுக்குக் கோடு விழும். இது சொல்லிவிட்டுத்தான் சாகும். ஊசிக்கு இல்லாத நல்ல குணம். அவள் முனகிக்கொண்டே போனாள்.

"கழட்டுங்க."

கம்பம் நேர் எதிரில் நின்றது. அதன் உச்சி மட்டும் மேகத்தில்.

அதிகாரி தாளில் எழுதியதை அவள் ஓரக்கண்ணால் படித்தாள். 'தேர்ச்சி. குறிப்பு: முனகுகிறார்.'

"இது குத்தமா மேடம்?"

"விதியில அப்படி ஒண்ணும் இல்ல, கேப்டன். ஆனா எனக்கும் தொத்திக்கிச்சு." டப்பாவை நீட்டினார்.

திரை இருப்பதால் தென்முனையைச் சுற்ற வேண்டியதில்லை, நேர்க்கோட்டில் வரலாம் என்று மறுவாரம் அனுமதி வந்தது. முதல் நாள் மாலை தீவிலிருந்து வழக்கம்போல் நாலு இருபதுக்குக் கிளம்பினாள். பின்னால் ஒரு தபால்காரர், ஒரு மருத்துவச்சி, காய்கறி விதை மூட்டை. திரையில் கடல் நீலமாக விரிந்தது; விமானம் அதில் எறும்புபோல் நேர்க்கோட்டில் ஊர்ந்தது. நாலரை ஆயிற்று. எதுவும் கேட்கவில்லை. இந்நேரம் இருமியிருப்பார், பழக்கத்தில், என்று நினைத்தாள். அந்தச் சத்தம் இந்த வானம் முழுக்கப் பரவி, இந்த இறக்கைகளின் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். பிடித்து வைக்க இங்கே ஒரு கம்பி இல்லை, அவ்வளவுதான். அந்த எண்ணம் விசித்திரமாக இருந்தது. தலைக்கு மேல் மழை பெய்துகொண்டிருக்க, நனையாமல் போவதுபோல் இருந்தது.

கம்பத்தைத் தாண்டி, ஓடுபாதையில் இறங்கி, இயந்திரத்தை நிறுத்தினாள். விசிறி நிற்பதற்கு முன்பே ஸ்பானர் கையில் டிரான்சிஸ்டரோடு ஓடிவந்தார்.

"அக்கா! ரேடியோல வந்துட்டீங்க!"

"யாரு? நானா?"

"நீங்கதான்! அத்தான் வானிலை படிச்சுக்கிட்டு இருக்காரு. தென்கிழக்குக் காத்து, மணிக்கு இருபது கிலோமீட்டர்னு சொல்லி வாய மூடல, பின்னாடி டுர்ர்ர்னு ஒரு சத்தம். நம்ம இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியாதா? ரெண்டாவது சிலிண்டர் லேசா இடிக்குமே, அது உட்பட கேட்டுச்சு! அத்தான் அப்படியே நிறுத்திட்டாரு. ஒரு வார்த்தை வரல."

"ஐயையோ. அப்புறம்?"

"ரெண்டு தடவ இருமுனாரு. அப்புறம் படிச்சாரு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நான்கு. இந்த நேரத்தில்தான் எப்போதும் கம்பத்தின் மேல் வருவாள். நேர்க்கோடு அவளை ஆறு நிமிடம் முன்னால், அவருடைய ஒலிவாங்கி திறந்திருக்கும்போது, அவர் தலைக்கு மேல் கொண்டுவந்துவிட்டது. நிலையத்தின் சுவரில் சத்தத்தைத் தடுக்கிற பலகைகள் ஈரத்தில் உப்பி எப்போதோ விழுந்துபோனவை.

வீட்டுக்கு அவர் ஒரு குற்றவாளியின் முகத்தோடு வந்தார்.

"நிலைய இயக்குநர் கூப்பிட்டு விசாரிச்சாரு. நேரடி ஒலிபரப்புல விமானச் சத்தம் எப்படி வந்துச்சுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"என் பொண்டாட்டி வீட்டுக்குப் போறான்னு சொன்னேன்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"நிஜமாத்தான். அவரும் வேற என்ன செய்வாரு? குறிப்பேட்டுல எழுதச் சொன்னாரு. எந்த இடைஞ்சல் வந்தாலும் நேரம் போட்டு எழுதணும், அதான் விதி. எழுதிட்டேன். 'நாலு ஐம்பத்தெட்டு. வெளிச் சத்தம். விமானம்.'"

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். "நாளையிலேர்ந்து ஆறு நிமிஷம் தள்ளிக் கிளம்பறேன். உங்களுக்கு எதுக்கு வம்பு?"

அவர் அவசரமாக நிமிர்ந்தார். "யாரு கேட்டா? உன் நேரம் உனக்கு. பயணிங்க காத்திருப்பாங்க." பிறகு, மேசைமேல் இருந்த உப்பு ஜாடியைத் தன் பக்கம் மெல்லத் திருப்பியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இருபத்துநாலு வருஷமா நான் மட்டுந்தான் இருமிக்கிட்டு இருந்தேன். நீ கேக்கறியா இல்லையான்னு ஒரு நாளாச்சும் எனக்குத் தெரியுமா? வீட்டுக்கு வந்தாதான் தெரியும். இன்னிக்கு மேல சத்தம் கேட்டப்போ..." ஜாடியைப் பழைய இடத்தில் வைத்தார். "சாதம் போடு, பசிக்குது."

அவள் போட்டாள்.

தும்பி அக்கா நாலு இருபதுக்கே கிளம்பினாள், மறுநாளும், அதற்கடுத்த நாட்களிலும். வானொலி நிலையத்தின் குறிப்பேட்டில் அந்த ஒரே வரி பக்கம் பக்கமாக இறங்கியது. காற்று எதிர்த்த நாட்களில் ஐம்பத்தொன்பது, உதவிய நாட்களில் ஐம்பத்தேழு. முக்காலிக்கு வேறு ஒருத்தி வந்தாள். முதல் வேலையாக அந்தக் காலின் கீழிருந்த அட்டையை மாற்றினாள்.

திரையில் விமானி விரும்பிய இடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். கம்பம் இருக்கும் இடத்தில் ஒன்று வைத்தாள். நெருங்க நெருங்க, எத்தனை நொடி என்று பக்கத்தில் எண் குறையும். முப்பது. இருபது. கீழே நகரத்தின் கூரைகள் மாலை வெயிலில் செம்பாகக் கிடக்கும். பயணிகள் அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். பத்து. ஐந்து. புள்ளியும் விமானமும் ஒன்றாகிற நொடியில் அவள் தொண்டையைச் செருமி, மெதுவாக, இரண்டு முறை இருமுவாள்.

ஒரு நாள் முன் இருக்கையில் அந்த மருத்துவச்சி.

"என்னம்மா, நான் வர்றப்பல்லாம் இந்த இடத்துல இருமறீங்க? சளியா?"

"இல்லம்மா" என்றாள் தும்பி அக்கா. சக்கரத்தை இறக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. "அங்க ஒருத்தரு வேலைல இருக்காரு."